"துப்பாக்கி இருக்கிறது" என்று சொன்னவர் சுட்டுக்கொலை! போலீசிடம் சொல்வதா, சும்மா இருப்பதா? அமெரிக்காவில் தீராத சிக்கல்

காரை மடக்கிய போலீஸ்காரரிடம், "சார், ஒன்று சொல்லியாக வேண்டும். என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று மரியாதையாகத்தான் சொன்னார் அவர். சொன்ன பத்து விநாடிக்குள் ஏழு குண்டுகள் வெடித்துவிட்டன.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 2016ம் வருடம் நடந்த சம்பவம் இது. அதற்குப் பிறகும், பெர்மிட் வாங்கி இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டு கார் ஓட்டுகிறவன் போலீஸ் நிறுத்தினால் வாயைத் திறப்பதா, மூடுவதா என்ற கேள்விக்கு அங்கே ஒரே பதில் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது.

நடந்தது என்ன?

செத்துப்போனவர் பெயர் பிலாண்டோ காஸ்டில். வயது 32. கறுப்பினத்தைச் சேர்ந்தவர். செயின்ட் பால் நகரில் ஒரு பள்ளிக்கூடத்து சாப்பாட்டுக் கூடத்தில் சூப்பர்வைசர். பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற வேலை.

2016 ஜூலை 6ந்தேதி இரவு 9 மணி. பால்கன் ஹைட்ஸ் என்ற இடத்தில் கார் போய்க்கொண்டிருந்தது. காதலி பக்கத்து சீட்டில். அவருடைய 4 வயதுப் பெண் குழந்தை பின் சீட்டில்.

ஜெரோனிமோ யானெஸ் என்ற போலீஸ்காரர் காரை நிறுத்தினார். "பிரேக் லைட் எரியவில்லை" என்று காரணம் சொன்னார். உண்மையில் அவர் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கொள்ளைக்காரன் ஒருவனுடைய ஜாடை இருக்கிறது, மூக்கு அகலமாக இருக்கிறது என்று ரேடியோவில் பேசியிருக்கிறார்.

காஸ்டிலுக்குப் போலீஸ் மடக்குவது புதிதல்ல. அதற்கு முன்பே குறைந்தது 46 தடவை அவர் காரை நிறுத்தியிருக்கிறார்கள். பழகிப்போன ஆள்.

லைசென்சும் இன்சூரன்சும் கேட்டார் யானெஸ். இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினார் காஸ்டில். அதன் பிறகுதான் துப்பாக்கி விஷயத்தைச் சொன்னார்.

"சரி, அப்படியானால் அதை எடுக்காதே" என்றார் யானெஸ்.

"நான் எடுக்கவில்லை" என்றார் காஸ்டில். "அவர் எடுக்கவில்லை" என்று காதலியும் சொன்னார். "எடுக்காதே!" என்று கத்திக்கொண்டே யானெஸ் சுட்டார். டுமீல் டுமீல் என்று ஏழு குண்டு. அவர்தான் லைசென்ஸ் கேட்டவர். கேட்டதை எடுக்கக் கை போனதா, துப்பாக்கிக்குப் போனதா என்பதுதான் பிறகு கோர்ட்டில் முழு வழக்கும்.

அதே நேரத்தில் காரின் மறுபக்கம் இன்னொரு போலீஸ்காரரும் நின்றுகொண்டிருந்தார். அவர் தன் துப்பாக்கியை உருவவில்லை.

அடுத்த நிமிடமே காதலி செல்போனில் எல்லாவற்றையும் பேஸ்புக்கில் நேரடியாகக் காட்ட, உலகமே பார்த்தது. காஸ்டிலின் துப்பாக்கி அவருடைய கால்சட்டைப் பையில் இருந்து எடுக்கப்பட்டது. மேகசினில் குண்டுகள் இருந்தன. சுடுவதற்குத் தயாராகக் குழலுக்குள் குண்டு ஏற்றப்படவில்லை. பர்சில் முறையான பெர்மிட்டும் இருந்தது.

ஜூரிகள் விடுதலை

யானெஸ் மீது கொலைக்குற்றம் ஆகாத மரண வழக்கு போட்டார்கள். "அவர் கை துப்பாக்கியில் இருந்ததைப் பார்த்தேன், உயிர் பயத்தில் சுட்டேன்" என்றார் யானெஸ். காஸ்டில் கஞ்சா புகைத்திருந்தார் என்பதையும் அவருடைய வக்கீல்கள் கிளப்பினார்கள். ஐந்து நாள் கூடிப் பேசிய ஜூரிகள், 2017 ஜூன் 16ந்தேதி யானெசை விடுதலை செய்தார்கள். வேலை மட்டும் போயிற்று. காஸ்டிலின் தாயாருக்கு கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கப்பட்டது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மின்னசோட்டா சட்டப்படி, போலீஸ் கேட்டால்தான் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டும். தானாக முன்வந்து சொல்லக் கட்டாயம் இல்லை. யானெஸ் கேட்கவும் இல்லை. காஸ்டில் வாயை மூடிக்கொண்டு லைசென்சை நீட்டியிருந்தாலும் சட்டத்தில் தப்பே கிடையாது. நல்ல மனசோடு சொன்னார். அதுவே வினையாகிவிட்டது.

எல்லை தாண்டினால் சட்டம் வேறு

மற்ற மாநிலங்களைப் பார்த்தால் தலை சுற்றும். மிச்சிகனில் போலீஸ் நிறுத்தியவுடனே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அபராதம், பெர்மிட்டும் நிறுத்தி வைக்கப்படும். வட கரோலினாவிலும், அலாஸ்காவிலும் கட்டாயம்தான். பென்சில்வேனியாவில் தானாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒகையோவில் முன்பு உடனே சொல்லாதவன் ஜெயிலுக்குக்கூடப் போக நேரிடும். 2022ல் சட்டம் மாறியது. போலீஸ் சங்கத்தார் எதிர்த்தும் நடக்கவில்லை. கேட்டால் சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது. ஒகையோவின் டொலிடோ நகரில் இருந்து வடக்கே கொஞ்ச தூரம் காரை விட்டால் மிச்சிகன். இந்தப் பக்கம் சும்மா இருக்கலாம், அந்தப் பக்கம் சும்மா இருந்தால் குற்றம்!

போதாக்குறைக்கு, பெர்மிட்டே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ள 2024க்குள் 29 மாநிலங்கள் அனுமதித்துவிட்டன. அட்டையே இல்லாதவன் போலீசிடம் எதைக் காட்டுவான்? அவன் யோக்கியனா, ரவுடியா என்று போலீஸ்காரருக்குத்தான் எப்படித் தெரியும்? அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இருட்டு ரோட்டில், முன்பின் தெரியாத காருக்குப் பக்கத்தில் போய் நிற்கிற வேலை அது.

கை எங்கே இருக்கிறது?

துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறவர்கள் சொல்லும் யோசனை இதுதான்: ராத்திரி என்றால் காருக்குள் விளக்கைப் போடு. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வை. "துப்பாக்கி" என்ற வார்த்தையை முதலில் சொல்லாதே, "பெர்மிட் வைத்திருக்கிறேன்" என்று தொடங்கு. பிறகு "நான் என்ன செய்ய வேண்டும் சார்?" என்று கேள். அவர் சொல்லாமல் விரலைக்கூட அசைக்காதே. காருக்கு முன் அறையில் ஆர்.சி.யையும் துப்பாக்கியையும் ஒன்றாக வைத்தால் போச்சு, ஆர்.சி.க்கு நீட்டிய கை துப்பாக்கிக்கு நீட்டிய கையாகத் தெரியும்.

எல்லாம் ஓட்டுகிறவனுக்குச் சொல்லும் புத்தி. போலீஸ்காரருக்கு? காரோட்டியைக் கீழே இறங்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு என்று 1977லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. பிலடெல்பியாவில் காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக நிறுத்திய ஒருவர் இறங்கியபோது, கோட்டுக்கு அடியில் இருந்த ரிவால்வர் அகப்பட்ட வழக்கு அது. "லைசென்ஸ் வேண்டாம், கையை ஸ்டியரிங்கில் வை, மெல்ல இறங்கு" என்று யானெசும் சொல்லியிருக்கலாம். லைசென்ஸ் கேட்ட உத்தரவை வாபஸ் வாங்காமலே, "எடுக்காதே" என்று அடுத்த உத்தரவு போட்டார். எதை எடுக்கக் கூடாது என்று காஸ்டில் புரிந்துகொண்டாரோ, யாரும் இனிக் கேட்க முடியாது.

2022ல் மின்னசோட்டா அரசு தன் டிரைவர் கையேட்டைத் திருத்தியது. போலீஸ் நிறுத்தும்போது துப்பாக்கி வைத்திருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அதில் சேர்க்கப்பட்டது. அதை எழுத உதவியவர்களில் ஒருவர் காஸ்டிலின் தாயார்.