எந்த வாசலில் கேட்பது?

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. உண்மைதான். ஆனால் வாய் மட்டும் இருந்தால் போதுமா? எந்த வாசலில் நின்று கேட்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? நல்ல கேள்வியும் தவறான வாசலில் போய் நின்றால் கேட்டவருக்குப் பயனில்லை, கேட்கப்பட்டவருக்கோ தொல்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தஞ்சைத் தரணியில் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன்னே நெல் குவியல் குவியலாகக் கிடக்கும். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. உழவர் அங்கிருக்கும் பட்டியல் எழுத்தரிடம் மன்றாடுவார், வாதாடுவார், கோபத்தில் இரண்டு வார்த்தை கூடவும் சொல்லிவிடுவார். அந்த எழுத்தர் என்ன செய்வார்? நிலையத்தை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். ஈரப்பத வரம்பை வகுப்பதோ மத்திய அரசு. வரம்பைத் தளர்த்த மாநில அரசு கேட்க வேண்டும். தில்லியிலிருந்து ஆணை வர வேண்டும். உழவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மேசையில் அதற்கு விடை இல்லை.

கணிப்பொறி பயிலும் மாணவனாகிய நான் இதையே வேறோர் உலகில் காண்கிறேன். அதுதான் கட்டற்ற மென்பொருள் உலகம். லினக்ஸ், பைத்தான், லிபர் ஆபீஸ் போன்றவை யாரும் எடுத்துப் பயன்படுத்தவும், திறந்து பார்க்கவும், திருத்தவும் உரிமை தருபவை. இவற்றை உருவாக்குவோரில் சம்பளம் பெறுவோரும் உண்டு. வேலை முடிந்து வீடு திரும்பிய பின் இரவு இரண்டு மணி நேரத்தைத் தானமாகக் கொடுப்போரும் ஏராளம். ஐயம் கேட்க இவர்கள் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். நாள்தோறும் அங்கே கேள்விகள் வந்து குவிகின்றன. அவற்றில் எத்தனையோ வழிதவறி வந்தவை. அக்கேள்விகளைக் குறைப்பது எவ்வாறு? குறைக்கும் பொறுப்பு யாருடையது? இதுவே நான் பேச விரும்பும் பொருள்.

கேள்வி வழிதவறும் விதம்

வழிதவறுதல் நான்கு வகைப்படும் எனலாம்.

முதலாவது, பயன்படுத்துவோர் கேட்க வேண்டியதை உருவாக்குவோரிடம் கேட்பது. டெபியன் திட்டத்தில் பயனர்களுக்கு ஒரு குழு, உருவாக்குநர்களுக்கு ஒரு குழு எனத் தனித்தனியே உண்டு. ஆர் என்னும் புள்ளியியல் மொழிக்கும் அவ்வாறே. "என் கணிப்பொறியில் ஒலி வரவில்லை" என்ற கேள்வி உருவாக்குநர் குழுவுக்குப் போனால், அடுத்த பதிப்பின் அமைப்பைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கானோர் அதைப் படித்துவிட்டுக் கடக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, எல்லோர் முன்னும் கேட்க வேண்டியதை ஒருவரிடம் தனியே கேட்பது. ஒருவருடைய வாட்ஸ்அப் எண் கிடைத்துவிட்டால் போதும், நள்ளிரவிலும் அவரிடம் ஐயம் கேட்கிறோம். அவர் சொல்லும் விடை ஒருவருக்கு மட்டுமே போய்ச் சேர்கிறது. மறுநாள் அதே கேள்வியை வேறொருவர் கேட்கிறார்.

மூன்றாவது இதற்கு நேர்மாறானது. தனியே சொல்ல வேண்டியதை ஊரறியச் சொல்வது. ஒரு மென்பொருளில் திருடன் நுழையக்கூடிய ஓட்டை இருப்பதைக் கண்டால், அதைப் பொதுவில் கூவக் கூடாது. பூட்டு உடைந்திருப்பதை வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு முன் கடைத்தெருவில் சொல்லலாமா? இதற்கெனப் பெரிய திட்டங்கள் தனி முகவரி வைத்திருக்கின்றன.

நான்காவதே மிகச் சிக்கலானது: ஒரு திட்டத்தின் கேள்வியை வேறொரு திட்டத்திடம் கேட்பது. இதைக் காவிரிக் கரையினராகிய நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஏனெனில் மென்பொருளாளர்கள் இதற்கு வழங்கும் சொற்களே ஆற்றிலிருந்து எடுத்தவை. மூலத் திட்டத்தை ஆற்றின் மேல்பக்கம் என்றும், அதை வாங்கித் தொகுத்து வழங்குவோரைக் கீழ்பக்கம் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். லினக்ஸ் கருநிரல் ஓரிடத்தில் ஊறுகிறது. டெபியன் அதனோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தொகுக்கிறது. உபுண்டு டெபியனிலிருந்து பிரிகிறது. உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்ட் பிரிகிறது. நம் மேசைக்கு வருவது கடைமடைத் தண்ணீர்!

கடைமடை வயலுக்கு நீர் வரவில்லையென்றால் என்ன செய்கிறோம்? எடுத்த எடுப்பிலே மேட்டூருக்கா ஓடுகிறோம்? மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து, பின்னும் கிளை ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்தல்லவா வயலுக்கு வருகிறது? ஆகவே முதலில் நம் வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம், பிறகு மதகு, அதன் பின் ஆறு. மென்பொருளிலும் அதுவே முறை. அருகிலுள்ள மதகில் முதலில் கேள். அடைப்பு அங்கில்லையென்று தெரிந்தால் மேலே போ.

தமிழெழுத்தை வைத்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கோப்பொன்றைத் திறக்கிறோம், தமிழ் சரியாகத் தெரியவில்லை. உடனே "லிபர் ஆபீஸில் தமிழ் வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடுகிறோம். ஆனால் பழுது எங்கே? பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பாயின், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அது லிபர் ஆபீஸின் குற்றமன்று; கோப்பை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. ஒருங்குறியில் இருந்தும் 'கொ' என்னும் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், குறை எழுத்துருவில் இருக்கலாம். அல்லது எழுத்துகளைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரலில் இருக்கலாம். தட்டும்போதே வேறெழுத்து விழுந்தால் விசைப்பலகை நிரலைப் பார்க்க வேண்டும். வேறு செயலியில் அதே வரி சரியாகத் தெரிந்தால்தான் லிபர் ஆபீஸின் கதவைத் தட்டுவதில் பொருளுண்டு. எழுத்துரு, கோப்பு நிரல், விசைப்பலகை, செயலி என்று வாசல்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் இருப்போர் வேறு வேறானவர். சரியான வாசலைக் கண்டுபிடிப்பதே பாதி விடை!

யார் பொறுப்பு?

கேட்பவனே பொறுப்பு என்பது இவ்வுலகில் நெடுங்காலமாக நிலவும் கருத்து. எரிக் ரேமண்ட் என்பவர் 2001-இல் கேள்வி கேட்கும் முறையைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரையொன்றை எழுதினார். ரிக் மோயன் உடனிருந்து உதவினார். முதலில் தேடு, படி, சரியான குழுவைத் தேர்ந்தெடு, பிறகு தெளிவாகக் கேள் என்பது அதன் சாரம். நல்ல அறிவுரைதான். மென்பொருள் திட்டங்கள் பல அக்கட்டுரையைத் தம் பக்கங்களில் சுட்டிக்காட்டின. விளைவு என்ன தெரியுமா? அதைப் படித்தவர்கள் அந்தத் திட்டங்களைப் பற்றிய ஐயங்களை ரேமண்டுக்கே எழுதத் தொடங்கினர்! "உங்கள் திட்டத்துக்கு நாங்கள் உதவி மேசை அல்லர்" என்ற பொருளில் கட்டுரையின் தொடக்கத்திலேயே எச்சரிக்கை வைக்க வேண்டியதாயிற்று. சரியான இடத்தில் கேட்கச் சொல்லும் கட்டுரைக்கே தவறான கேள்விகள் வந்தனவென்றால், கேட்பவருக்கு அறிவுரை சொல்வதால் மட்டும் இந்நோய் தீராது என்பது தெளிவாகவில்லையா?

ஈண்டு நம் நாட்டுச் சட்டமொன்றை நினைவூட்ட விரும்புகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 6(3) பிரிவு சொல்வதென்ன? ஒரு குடிமகன் கேட்ட தகவல் வேறோர் அலுவலகத்திடம் இருக்குமானால், விண்ணப்பத்தைப் பெற்ற அலுவலகமே அதை உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அனுப்பியதை அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இதற்கு ஐந்து நாட்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத இயலாதவர் வந்து வாயால் கேட்டால், அதை எழுத்தில் வடிக்கத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்றும் அதே 6-ஆம் பிரிவு சொல்கிறது. எந்தத் துறையில் எது இருக்கிறதென்பது அரசுக்குத் தெரியும். சாதாரண மனிதனுக்குத் தெரியாது. ஆகவே வழிகாட்டும் கடமை தெரிந்தவனுடையது. எத்தகைய உயர்ந்த கருத்து!

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் கல்லூரியில் என்னைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் பலர். எந்தச் சான்றுக்கு எந்த அலுவலகம் என்று சொல்லித்தரவே நமக்கு வீட்டில் ஆளில்லை. மென்பொருள் குழுக்களின் எழுதாத விதிகளை நமக்கு யார் சொல்வார்? தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி அனுப்புகிறோம். "இது இதற்கான இடமன்று" என்ற ஒற்றை வரி திரும்பி வருகிறது. எது இடம் என்று அந்த வரியில் இல்லை. அத்தோடு அம்மாணவன் வாயை மூடிக்கொள்கிறான். ஒரு கேள்வி குறைந்தது என்று குழு மகிழலாம். ஆனால் நாளைக்கு அத்திட்டத்துக்கு உழைக்கக்கூடிய ஒருவனையும் அது இழந்துவிட்டதே!

இதற்கு மறுப்பு உண்டென்பதை அறிவேன். அலுவலர் சம்பளம் வாங்குகிறார், தொண்டர் வாங்குவதில்லை. நூறு பேருக்கு வழிகாட்டிக்கொண்டே இருந்தால் அவர் நிரல் எழுதுவது எப்போது? நியாயமான மறுப்பு. சலித்துப்போய் ஒதுங்கிய தொண்டர்களால் நின்றுபோன திட்டங்களும் உண்டு. ஆதலின் தொண்டர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுத வேண்டுமென்று நான் சொல்லவில்லை. பலகையொன்று எழுதி வாசலில் மாட்டுங்கள் என்கிறேன். ஒருமுறை எழுதினால் ஓராயிரம் முறை பேசும்.

அவ்வாறு செய்தவர்களும் இருக்கிறார்கள். லினக்ஸ் கருநிரலின் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல் நிரலுக்குள்ளேயே இருக்கிறது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லும் சிறு கருவியும் உடன் வருகிறது. கிட்ஹப் தளத்தில், பழுது தெரிவிப்பவர் நிரப்ப வேண்டிய படிவத்தைத் திட்டத்தார் முன்கூட்டியே வைக்கும் வசதி 2016-இல் வந்தது. பழுதுகளோடு கலவாமல் ஐயங்களுக்கெனத் தனி இடம் 2020-இல் வந்தது. கேட்பவர் கேட்குமுன்னரே வழி பிரித்துவிடும் ஏற்பாடுகள் இவை. மதகு கட்டுவது போன்ற வேலை.

சாட்ஜிபிடி போன்றவற்றைக் கேட்டால் தீர்ந்ததே, குழு எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பாடப் புத்தக ஐயங்களுக்கு அவை உதவலாம். எந்த வாசல் என்று கண்டுபிடிக்கவும் உதவலாம். ஆனால் மென்பொருளிலேயே பழுதிருந்தால் அச்செய்தி அதைச் செய்தவருக்குப் போய்ச் சேராது. கிடைத்த விடையும் நம் ஒருவரோடு நின்றுவிடும். அடுத்து வருபவருக்கு எஞ்சாது.

நாம் செய்யக்கூடியது

பலகை எழுதுவது யார்? அங்கேதான் நமக்கு வேலையிருக்கிறது. இரண்டாமாண்டு மாணவரால் கருநிரலைத் திருத்த முடியாமல் போகலாம். ஆனால் ஒரு கேள்வி எங்கே போக வேண்டும் என்று வழிகாட்ட முடியும். நேற்று வழி தெரியாமல் நின்றவனுக்கே இன்று வழி கேட்பவனின் தடுமாற்றம் நன்கு விளங்கும்.

தமிழில் இதற்கு இடமும் உண்டு. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் தோன்றியுள்ளன. முதலில் தமிழில் கேட்டுத் தெளிந்து, பிறகு உலகக் குழுவுக்குப் போகலாமே! தாய்மொழியில் தெளிந்த கேள்வி ஆங்கிலத்திலும் தெளிவாகவே நிற்கும்.

நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்யவேண்டும். ஒரு நீள நோட்டுப் புத்தகம் போதும். என்ன செய்ய முயன்றேன், என்ன நடந்தது, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன, எங்கே கேட்டேன், எங்கே விடை கிடைத்தது என ஐந்து கட்டங்கள். ஒவ்வொருவரும் தம் ஐயத்தை அதில் எழுதட்டும். முதல் மூன்று கட்டங்களை நிரப்பும்போதே சில ஐயங்கள் தாமே தீர்ந்துவிடும். கடைசி இரண்டு கட்டங்கள் அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையருக்கு வழிகாட்டும். மூன்றாண்டுகளில் அந்நோட்டே ஒரு நூலாகிவிடும். பயனுள்ள பக்கங்களை மொழிபெயர்த்து அந்தந்தத் திட்டத்துக்கு அனுப்பினால், அதுவும் கட்டற்ற மென்பொருளுக்கு நாம் செய்யும் தொண்டேயாகும்.

திட்டங்களை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். "இங்கே கேட்காதே" என்று எழுதும் கை, "அங்கே கேள்" என்று இன்னொரு வரியும் எழுதட்டும். அவ்வொரு வரிக்கு ஆகும் நேரம் அரை நிமிடம். அதனால் நிலைத்து நிற்பவர் ஒரு வாழ்நாள் முழுதும் உழைக்கக்கூடும்.

நண்பர்களே, கேட்க அஞ்ச வேண்டாம். கேட்குமுன் வாசலை அறிய முயல்வோம். விடை பெற்ற பின் வாசலிலேயே சற்று நின்று, அடுத்து வருபவருக்கு வழி சொல்லிவிட்டுப் போவோம்.