ஒரே சொடக்குல சரியாயிடுமாம்ல!

மூணு வருஷமா இடுப்புவலி. பாக்கிறவங்கெல்லாம் "கைரோபிராக்டர்கிட்ட போ"ங்கிறாங்க. 1895ல அமெரிக்காவுல டேனியல் டேவிட் பால்மர் ஆரம்பிச்ச வைத்தியம். முதுகெலும்ப அழுத்தி ஒருத்தருக்குக் காது கேக்க வச்சேன்னவர்! (சம்பந்தமெல்லாம் கேக்கப்படாது.) அந்தச் சொடக்கு, எலும்பு இடத்துல உக்கார்ற சத்தமில்லீங்க. மூட்டுத் திரவத்துல வாயு பண்ற வேலை.

நாள்பட்ட இடுப்புவலிக்கு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசீஷியன்ஸ் 2017ல குடுத்த வழிகாட்டுதல்ல இதுவும் இருக்கு. ஆனா ஆதாரம் பலவீனம்னு அவங்களே எழுதிட்டாங்க. உடற்பயிற்சிக்கு இதவிட நல்ல ஆதாரம். அப்புறம் எதுக்குய்யா ஆறு மாச பேக்கேஜ், அட்வான்ஸ் எல்லாம்? கழுத்தத் திருகினப்புறம் ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்த கேஸுகளும் பதிவாகியிருக்கு. அரிதுதான். வர்றவனுக்கு அது அரிதா என்ன?

முதல்ல மூணு மாசம் பயிற்சி. அடங்கலைன்னா இடுப்புக்கு மட்டும் நாலு தடவை போய்ப் பாப்பேன். அட்வான்ஸ் கிடையாது. கழுத்துல கை வைக்கவும் விடமாட்டேன்.