பட்டறைப் பக்கம்: முன்பட்டை புஷ் சீசன் முடியும்வரை தாங்குமா?

கேள்வி: எங்களுக்கு ஊரில் ஒன்றரை ஏக்கர் வாழை. மேலே வண்டன்மேடு பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். வீட்டுக்காரர் பழைய மகிந்திரா ஜீப் வைத்திருக்கிறார். காய் எடுக்கும் நாட்களில் நானும் எங்கள் தெருப் பெண்களும் அதில்தான் கம்பம்மெட்டு வழியாகப் போய் வருகிறோம். கொஞ்ச நாளாகக் குழியில் இறங்கினால் முன்பக்கம் ‘கடக் கடக்’ என்று சத்தம். இறக்கத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. “புஷ் போயிருக்கும், சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்” என்கிறார். அதுவரை தாங்குமா?
- ஒரு வாசகி, உத்தமபாளையம்

பதில்: சகோதரி, தாங்குமா தாங்காதா என்பதை ஊகத்தில் சொல்லக்கூடாது. அரை மணி நேரச் சோதனையில் தெரிந்துவிடும். வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1947-இல் மகிந்திரா நிறுவனம் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்தவைதான் நம் பக்கத்து மலை ஜீப்புகள். முன்னும் பின்னும் பட்டைதான். பட்டையின் ஒரு முனை சேசிஸில் நிலையாகப் பூட்டியிருக்கும். மறுமுனை ‘ஷாக்கிள்’ என்ற ஆடும் இணைப்பில் தொங்கும். பட்டை அமுங்கும்போது நீளும் அல்லவா, அதற்கு இடம் கொடுக்கத்தான் ஷாக்கிள். இந்த மூட்டுகளில் இருப்பதுதான் புஷ்: வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குழாய், நடுவில் ரப்பர். சாதாரணமாகப் பக்கத்துக்கு மூன்று, முன்பக்கம் மொத்தம் ஆறு. உங்கள் வண்டியில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் தேய்ந்தால் போல்ட்டு நேராக இரும்பில் இடிக்கும். அதுதான் அந்தச் சத்தம். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முன் ஆக்ஸிலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பட்டைதான். புஷ் ஆடினால் ஆக்ஸிலும் முன்னே பின்னே நகரும். ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். சமதளத்தில் இது சின்ன விஷயம். கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்து இறங்கும்போது சின்ன விஷயம் இல்லை.

வீட்டிலேயே பார்க்க: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

1. ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் இருந்து ஷாக்கிளைப் பார்க்கட்டும். சக்கரம் திரும்பும் முன்பே பட்டை பக்கவாட்டில் நகர்ந்தால் புஷ் போய்விட்டது.
2. பட்டையின் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு கம்பியை விட்டு மெதுவாக நெம்புங்கள். இரும்பும் இரும்பும் தட்டும் சத்தம் வரக்கூடாது.
3. போல்ட்டு கண்ணின் நடுவில் இருக்கிறதா? ரப்பர் பிதுங்கியோ பொடிந்தோ இருக்கிறதா? சுற்றிலும் செந்துரு படிந்திருக்கிறதா?
4. பட்டை பூட்டியிருக்கும் நிலையான போல்ட்டிலிருந்து ஆக்ஸில்வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். அளவு வித்தியாசப்பட்டால் ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது, அல்லது சென்டர் போல்ட்டு உடைந்திருக்கிறது.
5. பட்டைகளைத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து, கண்ணுக்குப் பக்கத்தில் மெயின் பட்டையில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெயின் பட்டையில் கீறலோ, ஆக்ஸில் நகர்ந்த அடையாளமோ இருந்தால் வண்டியை ஒரு நாள்கூட மலையேற்றக்கூடாது. புஷ் மட்டும் ஆடுகிறது என்றாலும், அடுத்த முறை ஆள் ஏற்றுமுன் மாற்றிவிடுங்கள். சீசன் முடியும்வரை காத்திருந்தால் போல்ட்டு ஷாக்கிளையும் பட்டையின் கண்ணையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்போது செலவு புஷ்ஷோடு நிற்காது.

ஒன்றை மறக்காதீர்கள். பிரேக் போடும்போது மட்டும் இழுக்கிறது என்றால் முதல் சந்தேகம் பிரேக் மீதுதான். டிரம்மைக் கழற்றி லைனிங், எண்ணெய்க் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். டை ராடு எண்டு, வீல் பேரிங், யு போல்ட்டு, டயர் காற்று எல்லாவற்றையும் பார்த்த பிறகே “புஷ்தான்” என்று முடிவு கட்டவேண்டும்.

மாற்றும் முறை: முதல் நாள் இரவே நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். சேசிஸை ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ வண்டிக்கடியில் போகவே கூடாது. ஆக்ஸிலுக்கு இன்னொரு ஜாக்கி கொடுத்து, பட்டையில் பாரம் இல்லாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகு ஷாக்கிளைக் கழற்றுங்கள்.

பழைய புஷ்ஷை வைஸில் வைத்தோ பிரஸ்ஸிலோ தள்ளி எடுக்கலாம். வெளிக்குழாய் பிடித்துக்கொண்டால் ஆக்சா பிளேடை உள்ளே விட்டு, கண்ணில் படாமல் அறுத்து எடுங்கள். கேஸ் வைத்து எரிக்க விடாதீர்கள். ரப்பர் புகை கெடுதல் என்பது ஒன்று. பட்டை சூடானால் அதன் பதம் போய், பிறகு அந்த இடத்திலேயே முறியும் என்பது இன்னொன்று.

கண்ணை எமரித் தாளால் துடைத்து, வட்டம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். புது புஷ் வாங்க பழையதையே கடைக்கு மாதிரியாகக் கொண்டுபோங்கள். மாடலுக்கு மாடல் அளவு மாறும். ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் போதும். வெளிக்குழாயின் விளிம்பில்தான் அழுத்தம் விழவேண்டும். தேய்ந்த போல்ட்டு, நட்டை மறுபடி போடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் வையுங்கள். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அதன் பாரத்திலேயே நிற்கும்போதுதான் முழுசாக இறுக்கவேண்டும். போல்ட்டு உள்குழாயைக் கவ்விக்கொள்ளும். அசைவையெல்லாம் ரப்பர் முறுக்கித் தாங்கும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியவுடனே ரப்பர் முறுகிய நிலையில் நிற்கும். ஓட ஓடக் கிழியும்.

நான் தொழில் பழகிய காலத்தில் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். அவசரமென்று தொங்கவிட்டே இறுக்கிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் அந்த ஜீப் அதே சத்தத்தோடு வந்து நின்றது. கழற்றினால் ரப்பர் நாராகக் கிழிந்திருந்தது. “புஷ் டூப்ளிகேட்” என்று என் வாய் சொல்ல வந்தது. என் ஆசான் ஒரு பார்வை பார்த்தார். அடுத்த செட்டை என் கூலியில் வாங்கிப் போட்டேன்.

கடைசியாக ஒன்று, சகோதரி. எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆர்.சி.யில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால் எந்தப் புது புஷ்ஷும் காப்பாற்றாது. அசம்பாவிதம் நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகும். தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! இரண்டு நடையாகப் போங்கள். டீசல் செலவு அதிகமாகும். ஆகட்டும்.

கேள்வி: புஷ்ஷுக்கு கிரீஸ் அடித்தால் சத்தம் நிற்கும் என்கிறார்களே?
- ஒரு வாசகர், போடி

பதில்: நாலு நாள் நிற்கும். ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸும் எண்ணெயும் ஆகாது. ஊறி உப்பி, பொடிந்துவிடும். மிகப் பழைய ஜீப்புகளில் மறை போட்ட புஷ்ஷோடு யு வடிவ ஷாக்கிள் இருக்கும். அதில் கிரீஸ் நிப்பிள் உண்டு. அதற்கு மட்டும் தவறாமல் கிரீஸ் அடிக்கவேண்டும். நிப்பிள் இருக்கிறதா என்று பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அப்பா வைத்திருந்த அம்பாசிடரை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆசை. முன்பக்க புஷ்களை நானே மாற்றலாமா?
- ஒரு வாசகர், பெரியகுளம்

பதில்: நல்ல ஆசை. 2014-இல் உத்தரபாராவில் உற்பத்தி நின்றுபோன வண்டி; ஆனால் வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்களே செய்யவேண்டாம் என்பதுதான் என் பதில். அதில் முன்னால் பட்டை கிடையாது. டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பிதான் பாரம் தாங்குகிறது. முறுக்கைத் தளர்த்தாமல் கீழ் ஆர்மைக் கழற்றினால் அது வெடித்துத் திரும்பும்; கை போய்விடும். அந்த வண்டியில் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். பக்கத்தில் நின்று, வண்டி தரையில் நிற்கும்போது போல்ட்டை இறுக்குகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*அடுத்த இதழில்: மழைக்கு முன் பவர் டில்லர் கிளட்ச்சைச் சரிபார்ப்பது எப்படி?*