விசில் ஊதாமல் விழுந்த கோல்

2023 மார்ச் 3. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நாக்-அவுட் ஆட்டம். பெங்களூரு எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் கோலின்றி மோதி, கூடுதல் நேரத்துக்கு வந்திருந்தன. பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். கேரள அணி தடுப்புச் சுவரைச் சரிசெய்து முடிக்கும் முன்பே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் தூக்கிப் போட்டுவிட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். கேரள அணியின் பயிற்சியாளர் இவான் வுகொமனோவிச் தன் வீரர்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

“விசிலே ஊதலையே!” என்பதுதான் ரசிகர்களின் கோபம். ஆனால் கால்பந்தின் 13-ஆம் விதிப்படி எல்லா ஃப்ரீ கிக்குக்கும் விசில் தேவையில்லை. எதிரணி 9.15 மீட்டர் விலகும்வரை காத்திருக்காமல் சட்டென்று உதைக்கலாம். உதைப்பவர் தூரம் கேட்டாலோ, நடுவரே சுவரை நகர்த்த இறங்கினாலோ விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். அன்று நடந்தது இதில் எது? சுவரும் விசிலும் வேண்டாமென்று நடுவரிடம் முன்பே சொன்னதாகச் சேத்ரி விளக்கினார். பிளாஸ்டர்ஸ் அதை ஏற்கவில்லை.

கோலைப் பற்றி வாதாட இடமுண்டு, வெளிநடப்புக்கு இல்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது.

2024 ஜூன் 11, தோஹாவில் நடந்தது வேறு வகை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கத்தாருக்கு எதிராக இந்தியா 1-0 என முன்னிலை. கோல் கோட்டைத் தாண்டி ஆட்டத்துக்கு வெளியே போன பந்தை கத்தார் வீரர் உள்ளே இழுத்துவிட, யூசுஃப் அய்மன் கோலாக்கினார். முழுப் பந்தும் கோட்டைக் கடந்தால் வெளியே என்பதில் விளக்கம் சொல்ல ஏதுமில்லை, பார்க்கத்தான் தவறினார்கள். அந்தச் சுற்றில் வீடியோ உதவியும் கிடையாது. இந்தியா 1-2 எனத் தோற்று உலகக் கோப்பைக் கனவை இழந்தது. அந்த வலி நியாயமானது.

காரைக்குடி செக்காலையில் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கும் வீடியோ உதவி வராது. விசில் பி.இ.டி. சார் கையில்தான். அதனால் விதி முன்பே தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு, கோலுக்குள் உருளும் பந்தை ஒரு தெருநாய் பெனால்டி ஏரியாவில் மறித்துவிட்டால் என்ன தீர்ப்பு? கோல் கிடையாது, ஆட்டத்தை நிறுத்தி, டிராப் பால் தற்காக்கும் அணியின் கோல்கீப்பருக்கே. நாய் உரசியும் பந்து உள்ளே போய், தடுக்க வந்தவருக்கு இடைஞ்சல் இல்லையென்றால் கோல்தான். டாஸ் போடும் முன் இரண்டு கேப்டன்களையும் நிற்கவைத்து இப்படி நாலு கேள்வி கேட்க சாருக்கு ஐந்து நிமிடம் போதும்.