வால்யூம் பட்டனும் பாவப்பட்ட ஃபுளூட்டும்

ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிப் பழகுகிற எல்லோரும் ஒரு முறையாவது சொல்லியிருக்கும் வசனம் இது: "கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே கேட்டுச்சு!"

நானும் சொன்னேன். போன செமஸ்டரில் மூன்று நிமிடத் துண்டு ஒன்று எழுதினேன். மெட்டு ஃபுளூட்டுக்கு, அதுவும் அதன் கீழ் ஸ்தாயியில். பின்னணியில் நான்கு ஹார்ன், மூன்று ட்ராம்போன். எல்லோருக்கும் ஒரே குறி: ஃபோர்ட்டே, அதாவது பலமாக. சாஃப்ட்வேரில் ஃபுளூட்டின் வால்யூமை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். அருமை!

நிஜ ஆட்கள் வாசித்தபோது ஃபுளூட் வாசித்த அக்காவின் விரல்கள் அசைவது தெரிந்தது, சத்தம்தான் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்கள். அக்காவின் முகம் சிவந்ததுதான் மிச்சம்.

என் கட்சி இதுதான். அன்றைக்குத் தப்பு செய்தது அந்த அக்கா இல்லை, நான். வாத்தியங்களின் சமநிலையை ரிகர்சலில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதுவது சோம்பேறித்தனம். அது ஸ்கோரிலேயே இருக்க வேண்டும்.

நம் காது ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மில் பலர் ஆர்கெஸ்ட்ராவை முதலில் கேட்டது சினிமாப் பாட்டில்தான். அங்கே புல்லாங்குழலுக்குத் தனி மைக் வைக்க முடியும். வயலின் கூட்டத்துக்கு மேலே ஒற்றைக் குழல் சுகமாக மிதக்கும். மைக் இல்லாத மேடையில் அந்தச் சலுகை கிடையாது.

ரிம்ஸ்கி-கோர்சகாவ் ஆர்கெஸ்ட்ரேஷன் பற்றி எழுதிய புத்தகம் அவர் இறந்த பிறகு 1913இல் வெளிவந்தது. அதில் ஒரு கணக்கு வரும். பலமாக வாசிக்கும்போது ஒரு ட்ரம்பெட்டோ ஒரு ட்ராம்போனோ இரண்டு ஹார்னுக்குச் சமம். ஒரு ஹார்ன் இரண்டு ஃபுளூட்டுக்குச் சமம். என் துண்டுக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு ஹார்ன் என்றால் 8 ஃபுளூட். மூன்று ட்ராம்போன் என்றால் 12. ஆக, ஒரு ஃபுளூட்டை 20 ஃபுளூட்டோடு மல்லுக்கட்ட விட்டிருக்கிறேன்! அதுவும் அதன் பலவீனமான ஸ்தாயியில். இதே ஃபுளூட் உச்சத்தில் வாசித்தால் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு கேட்கும். ஓபோ இதற்கு நேர் எதிர். கீழே போகப் போகத் தடித்து, மெதுவாக வாசிக்கவே அடம்பிடிக்கும். குறி ஒன்றுதான், ஆனால் வாத்தியத்துக்கு வாத்தியம், ஸ்தாயிக்கு ஸ்தாயி அதன் அர்த்தம் வேறு.

"ட்ராம்போனை மெதுவா வாசிக்கச் சொன்னா தீர்ந்தது, இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று நண்பன் கேட்டான். பாதி நியாயம். மெதுவாக வாசிக்கும்போது காற்று வாத்தியங்கள் ஏறக்குறைய ஒரே பலத்துக்கு வந்துவிடும் என்று ரிம்ஸ்கியே சொல்கிறார். ஆனால் பலமாக வாசிக்கும் ட்ராம்போனில் பித்தளை பளபளக்கும், மெதுவாக வாசித்தால் அதே வாத்தியம் உருண்டையாக, இருட்டாக ஒலிக்கும். சத்தம் மாறினால் நாதத்தின் நிறமும் மாறுகிறது. கம்ப்யூட்டரில் பலமாக வாசித்துப் பதிந்த ஒலியை எடுத்து வால்யூமைக் குறைத்தால் பளபளப்பு அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் குறையும். மேடையில் உட்கார்ந்திருக்கும் எந்த ட்ராம்போன்காரராலும் அப்படி வாசிக்க முடியாது.

அதனால் ஒவ்வொரு தீர்வுக்கும் ஒரு விலை உண்டு. மெட்டை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினால் கேட்கும், ஆனால் கீழே இருந்த அந்த மூச்சு கலந்த கதகதப்பு போய்விடும். கூடவே கிளாரினெட்டைச் சேர்த்தால் பலம் வரும், ஆனால் அது ஃபுளூட்டின் குரலாக இருக்காது. மூன்றாவது வழி, பின்னணியைக் காலி செய்வது.

ராவெல் 1928இல் எழுதிய 'பொலேரோ'வின் ஆரம்பத்தைக் கேளுங்கள். அங்கேயும் மெட்டு ஃபுளூட்டுக்குத்தான், கீழ் ஸ்தாயியில்தான். துணைக்கு ஒரு சின்ன டிரம்மும், விரலால் மீட்டும் வயோலா, செல்லோவும் மட்டுமே. அந்த மெல்லிய குரல் அரங்கத்தின் கடைசி வரிசை வரை போவதற்கு அந்தக் காலி இடம்தான் காரணம். பிறகு சுமார் கால் மணி நேரம் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, பெரும்பாலும் வாத்தியங்களைச் சேர்த்துச் சேர்த்தே. ட்ராம்போன்கள் முழங்கும் முடிவில் ஃபுளூட்டைத் தனியாக அவர் தவிக்க விடவில்லை. மெட்டை ஒரு கூட்டமே சுமக்கிறது.

நானும் மூன்றாவது வழியைத்தான் எடுத்தேன். ஆசை ஆசையாக எழுதிய ட்ராம்போன் வரிகளை அடித்தேன். வலித்தது. இரண்டாவது ரிகர்சலில் அந்த அக்காவைப் பார்த்து யாரும் "சத்தமா" என்று சொல்லவில்லை.

ஒருவரை அப்படிச் சொல்லத் தோன்றினால், முதலில் ஸ்கோரை ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். நாமே அவர் வாயைப் பொத்திவிட்டு, பேசச் சொல்லி அதட்டிக்கொண்டிருக்கலாம்.