ஊர்தி வரும்வரை

நுழையும்முன்

சிற்றூரில் ஓர் உயிர் ஆபத்தில் சிக்கும்போது, அதனைக் காக்கும் பொறுப்பு யாருடையது? மருத்துவரிடம் சென்று சேரும்வரை செய்ய வேண்டுவன யாவை? இவை குறித்து இக்கட்டுரை ஒரு கருத்தை முன்வைக்கிறது. படித்து, உங்கள் கருத்தையும் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊர்கள்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று, பெற்றோர் வேலைக்காக வந்து சேர்ந்த இந்நகரம். மற்றொன்று, தாத்தாவும் பாட்டியும் வாழும் சிற்றூர். அது தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ வேலூரிலோ இருக்கலாம். நள்ளிரவில் ஊரிலிருந்து தொலைபேசி மணி ஒலித்தால், அப்பாவின் முகம் வாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவருடைய அச்சத்திற்கு நோய் மட்டுமே காரணம் அன்று, தொலைவும் காரணம். இங்கே நெஞ்சு வலித்தால், மருத்துவமனை சில தெருக்கள் தள்ளி இருக்கிறது. அங்கே அது பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

கடுங்காயம் ஏற்பட்ட பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தை மருத்துவர்கள் ‘பொன்னான நேரம்’ என்பர். அதற்குள் தக்க சிகிச்சை கிடைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. நகரத்தாருக்கும் சிற்றூராருக்கும் அந்நேரம் ஒன்றே. ஆனால், அதற்குள் கடக்க வேண்டிய தொலைவு ஒன்றன்று.

108 தந்த நன்மை

ஆம்புலன்ஸ் என்று நாம் அழைக்கும் அவசர ஊர்தி, முன்பு சிற்றூர்களுக்கு எட்டாத ஒன்றாகவே இருந்தது. நோயாளியை மாட்டுவண்டியிலோ வாடகை வண்டியிலோ ஏற்றிச் சென்றனர். 2005 ஆகஸ்டு 15 அன்று ஐதராபாத்தில் 108 என்னும் எண்ணில் கட்டணமில்லா ஊர்திச் சேவை தொடங்கியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று இச்சேவை வந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, ‘ஆரோக்கிய கவசா’ என்னும் பெயரில் கர்நாடகத்திலும் தொடங்கப்பெற்றது. இவ்வூர்தியில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருப்பார். எனவே, சிகிச்சை வழியிலேயே தொடங்கிவிடுகிறது. இதனால் பிழைத்தோர் பலர். இச்சேவை போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், ஊர்திகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் சிற்றூர்களின் குறை தீர்ந்துவிடாது என்பதே என் கருத்து. உயிர் காக்கும் பணி ஒரு சங்கிலி போன்றது. அதில் ஊர்தி ஒரு கண்ணி மட்டுமே.

சாலை முடியும் இடத்தில்

ஊர்தி, சாலை உள்ள இடம்வரைதான் செல்லும். 2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டம் அல்லேரி மலைப்பகுதியில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே குழந்தை இறந்தது. திரும்பும்போது ஊர்தியால் மலைமேல் ஏற இயலவில்லை. எனவே, தாய் தம் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்தார். கர்நாடகத்தின் மாதேசுவர மலைக் காட்டூர்களிலும், நோயுற்றோரைத் துணித்தூளியில் இட்டுத் தோளில் சுமந்து வந்த செய்திகள் உண்டு. இத்தகைய ஊர்களுக்குச் சாலையே முதல் மருந்து.

சாலை இருந்தால் மட்டும் போதுமா? பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான மருந்து நம் நாட்டிலேயே உருவாகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைத் திரட்டித் தருவோருள், மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் முதன்மையானவர்கள். வயற்காடுகளை நன்கு அறிந்த எளிய மக்கள் திரட்டித் தரும் நஞ்சிலிருந்து பிறக்கும் மருந்து, வயலில் உழைப்போருக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டாமா?

சமவெளியில் 30,000 பேருக்கும், மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்பது அரசு வகுத்த நெறி. அந்நிலையத்தில் இரவிலும் மருத்துவர் இருக்க வேண்டும். நஞ்சுமுறி மருந்து இருப்பில் இருக்க வேண்டும். இல்லையெனில், ஊர்தி அதனைக் கடந்து மாவட்டத் தலைநகருக்கு ஓட நேரும். பொன்னான நேரம் சாலையிலேயே கரைந்துவிடும்.

நான்காம் துணை

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் என்பன அவை. முதல் மூன்றையும் நாம் எளிதில் நினைவுகூர்கிறோம், நான்காமவரை மறந்துவிடுகிறோம். ஊர்தி வரும்வரை நோயாளியின் அருகில் இருப்பவர் அவரே.

சாலையில் அடிபட்டவருக்கு உதவினால் வழக்கில் சிக்க நேருமோ என்று பலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். 2016 பிப்ரவரியில், பெங்களூரை அடுத்த நெலமங்கலா அருகே, ஊரிலிருந்து நகருக்குத் திரும்பிய ஹரீஷ் என்னும் இளைஞர் லாரி மோதி உயிரிழந்தார். இறக்கும் தறுவாயிலும் தம் உறுப்புகளைக் கொடையாக அளிக்குமாறு அவர் வேண்டினார். விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் திட்டம் ஒன்றை, அடுத்த மாதமே கர்நாடக அரசு அவர் பெயரால் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு, 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே, அஞ்சத் தேவையில்லை.

‘பயிற்சி இல்லாதவர் உதவினால் தீங்கு நேராதா?’ என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. பாம்பு தீண்டிய இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கே விளைவிக்கும். தீண்டப்பட்ட உறுப்பை அசையாமல் வைத்து, அச்சத்தைத் தணித்து, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை. இந்த வேறுபாட்டை அறியாமையே ஆபத்து. எனவே, உதவ வேண்டா என்று தடுப்பது தீர்வாகாது, கற்பிப்பதே தீர்வு. குருதிப்பெருக்கை அழுத்தி நிறுத்துதல், நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி இயக்க முயலுதல் போன்றவற்றை ஒவ்வோர் ஊரிலும் சிலருக்கேனும் பயிற்றுவிக்க வேண்டும். பள்ளிகளிலும் இப்பயிற்சி இடம்பெற வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

சாலையும் மருந்தும் மருத்துவரும் அரசின் பொறுப்பு; அவற்றைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை. மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, இரவிலும் மருத்துவர் இருக்கும் நிலையம் எது எனக் கேட்டறியுங்கள். வீட்டிற்கு வரும் வழியை அடையாளங்களுடன் ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள். ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றின் பெயர்களையும் 108 என்னும் எண்ணையும் அதில் சேர்த்து, பாட்டியின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். அண்டை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். நாம் தொலைவில் இருக்கும்போது, பாட்டியின் அருகில் இருக்கப்போகிறவர்கள் அவர்களே.

சொல்லும் பொருளும்
தறுவாய் – தருணம்
நஞ்சுமுறி – நஞ்சின் ஆற்றலை முறிக்கும் மருந்து
குருதி – இரத்தம்

சிந்தித்து எழுதுக
1. உயிர் காக்கும் பணியில் ஊர்தியைச் சங்கிலியின் ஒரு கண்ணி எனக் கட்டுரையாளர் கூறுவது ஏன்?
2. உங்கள் சொந்த ஊரில் இச்சங்கிலியின் எந்தக் கண்ணி வலுவற்றதாக உள்ளது? பெற்றோரிடம் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.