கையும் போய், காசும் போவதா?

திருவனந்தபுரத்தில் எழுந்து நிற்கும் மாடிகளில் தமிழனின் வியர்வை படாத மாடி எத்தனை? கன்னியாகுமரியிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் தம்பானூரில் வந்திறங்கும் கொத்தனும் சித்தாளும் கம்பி கட்டுபவனும் கழக்கூட்டம் வரை இந்த நகரைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடம் நிற்கிறது. சாரத்திலிருந்து விழுந்தவன் எங்கே?

ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம், ஊருக்குப் போக பஸ் காசு, மலையாளத்தில் எழுதிய ஒரு தாளில் கைநாட்டு. இவ்வளவோடு அவன் கணக்கு முடிக்கப்படுகிறது. கட்டு அவிழ்த்த பிறகு, கை இனி மடங்காது என்று தெரிந்து, திரும்பி வந்து கேட்டால் ஒப்பந்தக்காரர் சொல்கிறார்: "இவன் நம்ம ஆளே இல்லை." இன்னொருவர் சொல்கிறார்: "குடித்துவிட்டு விழுந்தான்." நம் சகோதரனும் தலைவிதி என்று ஊர் திரும்புகிறான்.

தலைவிதி அல்ல, தோழர்களே! இதற்கென்றே ஒரு சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் இந்நாட்டில் நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் அடிப்படை உரிமை மாறவில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாள் செல்லாது. சமரசம் என்றால் அது அதிகாரியிடம் பதிவாக வேண்டும். சிகிச்சைக்குக் கொடுத்த பணத்தை இழப்பீட்டில் கழிக்க முடியாது. கட்டுமானத்தையே தொழிலாக நடத்தும் நிறுவனம், "ஒப்பந்தக்காரன் கூட்டி வந்த ஆள்" என்று சொல்லித் தப்ப முடியாது. உயிர் போயிருந்தால், அல்லது நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டிருந்தால், "குடித்திருந்தான்" என்ற சாக்கும் எடுபடாது.

விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தொழிலாளி குடியிருக்கும் பகுதியின் அதிகாரியிடமும் கொடுக்கலாம். ஊர் திரும்பியவன் வழக்குக்காகத் திருவனந்தபுரத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்க வேண்டியதில்லை. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு வழி வேறு. அங்கே மருத்துவக் குழு நிர்ணயிக்கும் விழுக்காடு குறைவென்று பட்டால் மேல்முறையீடு உண்டு.

விழுக்காடு என்ற ஒரு சொல்லில்தான் ஏழையின் வாழ்வும் சாவும் இருக்கிறது. பழைய சட்டக் கணக்கையே பாருங்கள். வயது 30, மாதக் கூலி 15,000 ரூபாய். முழு ஊனம் என்றால் 18,71,820 ரூபாய். கட்டை விரல் போனதற்கு அட்டவணை தரும் 30 விழுக்காடு என்றால் 5,61,546 ரூபாய். எந்த விழுக்காடு என்பதை யார் சொல்வது?

ஒரிசாவில் சினிமாக் கொட்டகை வேலையில் விழுந்து இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கைதானே போயிற்று, முழு ஊனம் எப்படி ஆகும் என்று முதலாளி வாதிட்டார். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது. என்ன உறுப்புப் போனது என்று கேட்பதோடு நிற்காமல் என்ன பிழைப்புப் போனது என்று கேட்ட தீர்ப்பு இது. அந்தக் கேள்வியை அதிகாரியின் முன் எழுப்பத்தான் ஒரு நல்ல வக்கீல் தேவை.

அந்த வக்கீல் எப்போது தேவை? மனு தள்ளுபடியான பிறகு ஓடித் தேடுவதுதான் நம்மவர் வழக்கம். இது பெருந்தவறு. அதிகாரியின் தீர்ப்பை எதிர்த்து 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் அங்கே அப்பீல் நிற்கும். கூலி எவ்வளவு, விழுந்தது எங்கே, வேலைக்கு அழைத்தது யார் என்ற சாட்சியமெல்லாம் முதல் விசாரணையிலேயே பதிவாக வேண்டும். அங்கே விட்டதை எறணாகுளத்தில் பிடிப்பது கடினம்.

கூலி கொடுக்க வழியில்லாதவன் வக்கீலுக்கு எங்கே போவான்? இங்கேதான் தரகர் நுழைகிறார். "இப்போது ஒன்றும் வேண்டாம், ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு" என்கிறார். அமெரிக்காவில் ஊன உதவித்தொகை வழக்குகளில், நிலுவைத் தொகையில் 25 விழுக்காடு வரை வக்கீல் பெற, உச்சவரம்போடு, சட்டமே இடம் தருகிறது. நம் நாட்டில் அப்படியில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. பங்கு கேட்பவர் மீது மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

தரகர் சொல்லாத வழி ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி ஊனமுற்றவருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரப்படும். இந்த நகரில் அதற்கான அலுவலகம் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. அங்கே போவது பிச்சை கேட்பதாகாது. உரிமையைக் கேட்பதாகும்.

சட்டம் இருந்தும் நம்மவன் தோற்பது ஏன்? வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்திடுகிறான். கூலிக்குச் சீட்டு வாங்குவதில்லை. துணைக்கு வர ஆளில்லை. இழப்பீட்டு மனுவும் அறிவிப்பும் தமிழிலும் தரப்பட வேண்டும், விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும் என்று கேரள அரசை வற்புறுத்துகிறோம். ஊர் திரும்பியவரின் மனுவைத் தட்டிக்கழிக்காமல் வாங்கி விசாரிக்கும்படி தமிழக அரசைக் கேட்கிறோம்.

அதுவரை நாம் சும்மா இருக்கலாமா? விபத்து என்று கேள்விப்பட்டதும் அங்கே ஓடுங்கள். இடத்தைப் படம் பிடியுங்கள். உடன் வேலை செய்தவர்களின் பெயரை எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேலையிடத்தில் விழுந்தது" என்று பதியச் செய்யுங்கள். எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கவிடாதீர்கள். அவரைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். வஞ்சியூருக்கு நாம் கூடப் போவோம்.

கை போனவனுக்குக் கை கொடுக்காத சங்கம் எதற்கு?